மின்சாரக் காருக்குள்ள இருக்குற சார்ஜர் போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், மச்சான் போன் பண்ணாரு, சிங்கப்பூர் யீஷூன்ல அவங்க புளோக் மாடி கார்பார்க்ல நிக்கிறாரு, "மாப்ள, சார்ஜ் போட்டா பத்து நிமிஷத்துல நின்னுடுது, ஒர்க்‌ஷாப்ல கேட்டா ஓபிசி, அதாவது காருக்குள்ளயே இருக்குற சார்ஜர், போச்சுங்கிறான், மாத்த பல ஆயிரம் வெள்ளி ஆகுமாம்"னு சொன்னாரு. பிரைவேட் ஹையர் ஓட்டுறவரு, கார் ஒரு நாள் நின்னா அன்னைக்கு வருமானம் கிடையாது ஆனா லோன் கட்டியாகணும். நான் உடனே கிளம்பிப் போனேன், போய் பார்த்ததுல ஓபிசிக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் இதை எழுதுறேன், இதே மாதிரி அவசரப்பட்டு காசை விட்டவங்க என் நண்பர்கள்லயே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கணும். கார்பார்க் சுவத்துல மாட்டியிருக்கிற ஏசி பெட்டி உண்மையில சார்ஜரே இல்ல, அது 230 வோல்ட் கரண்டை பத்திரமா திறந்து விடுற ஸ்விட்ச் மாதிரிதான். (ஏசின்னா இங்க மாறு மின்னோட்டம், குளிர் சாதனத்தை நாம ஏர்கான்னே சொல்லிக்கலாம், இல்லன்னா குழம்பிடும்.) அந்த ஏசியை டிசியா (நேர் மின்னோட்டமா) மாத்தி, பேட்டரிக்கு வேண்டிய 400 வோல்ட்டோ 800 வோல்ட்டோ ஆக்கி உள்ள அனுப்புறது காருக்குள்ள இருக்குற ஓபிசி. டிசி ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா இந்த வேலை வெளியிலயே முடிஞ்சுடும், ஓபிசி பக்கமே கரண்ட் போகாது.

இங்கதான் பெரிய தவறு நடக்குது. "டிசில ஏறுது, ஏசில ஏறல, அப்ப ஓபிசி அவுட்"னு ஒரே வரில தீர்ப்பு சொல்லிடுறாங்க. டிசில ஏறுதுன்னா பேட்டரி நல்லா இருக்கு, பேட்டரியை காரோட இணைக்கிற பெரிய ஸ்விட்ச், அதாவது கான்டாக்டர், வேலை செய்யுதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஏசி வழியில ஓபிசிக்கு முன்னாடியே சுவத்துப் பெட்டி, கேபிள், காரோட சாக்கெட்டுல இருக்குற ஏசி பின், லாக் மோட்டார், ஸ்கிரீன்ல நாமளே போட்டு மறந்த டைமர் செட்டிங்னு எவ்வளவோ இருக்கு. அதுல எது போனாலும் அறிகுறி ஒண்ணுதான், ஏறாது. அதே மாதிரி டிசிலயும் ஏறலன்னா ஓபிசி மேல சந்தேகம் கொறையுது, அப்ப முதல்ல 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்க. பானெட்டுக்குள்ளயோ பின்னாடியோ இருக்குற அந்த சின்ன பேட்டரி செத்துட்டா, பெரிய பேட்டரில எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் முழிச்சுக்காது, கான்டாக்டர் மூடாது, சார்ஜும் ஏறாது. ஸ்கிரீன்ல சம்பந்தமில்லாத வார்னிங் பத்து ஒண்ணா வந்தா பெரும்பாலும் அதோட வேலைதான்.

மச்சான் கதைக்கு வர்றேன். அவர் சார்ஜ் போடுற இடத்துல பெட்டில சாக்கெட் மட்டும்தான் இருக்கு, சொந்த கேபிள் மாட்டணும். நான் கேபிளை கழட்டிட்டு போன் டார்ச்சை காரோட சாக்கெட்டுக்குள்ள அடிச்சேன். டைப் 2 சாக்கெட்ல ஏழு பின், அதுல அவர் சார்ஜ் போடும்போது கரண்ட் ஓடுற ரெண்டு பெரிய பின்ல ஒண்ணு மட்டும் பளபளப்பு போய் டீ கறை மாதிரி பழுப்பா இருந்துச்சு, கேபிள் பக்கம் அதே ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் லேசா உருகி உதடு மடிஞ்ச மாதிரி நின்னுச்சு. மூக்கை கிட்ட கொண்டு போனா கருகின வாடை. பின் லூஸானா அந்த இடத்துல சூடு ஏறும், சாக்கெட்டுக்குள்ள இருக்குற டெம்பரேச்சர் சென்சார் அதைப் பார்த்து சார்ஜை நிறுத்திடும், அதான் சரியா பத்து நிமிஷம் கழிச்சு நின்னிருக்கு. கடைசில சாக்கெட்டும் கேபிளும் மாத்துனதோட முடிஞ்சுது. கேபிளை மட்டும் மாத்தியிருந்தா பத்தாது, கெட்டுப்போன பின் புது கேபிளையும் கெடுத்துடும், இதுவும் நிறைய பேர் பண்ற தவறு.

கேபிள் விஷயத்துல இன்னொண்ணு. மலிவா கிடைக்குதுன்னு 20 ஆம்பியர் கேபிள் வாங்கிட்டு, "7.4 கிலோவாட் பெட்டில 4.6தான் வருது, ஓபிசி வீக் ஆயிடுச்சு"ன்னு பயப்படுறாங்க. பிளக்குக்குள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், 32 ஆம்பியர் கேபிள்னா 220 ஓம், 20 ஆம்பியர்னா 680 ஓம், அதைப் படிச்சுட்டுதான் எவ்வளவு கரண்ட் விடலாம்னு முடிவாகுது. 230ஐ 20ஆல பெருக்கிப் பாருங்க, 4.6 கிலோவாட்தான் வரும். கேபிள் தன் வேலையை ஒழுங்கா பண்ணுது, அவ்வளவுதான்.

நம்பரை தப்பா படிக்கிறது இன்னும் பெரிய தலைவலி. காரோட புக்ல 11 கிலோவாட்னு போட்டிருக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்ல 7.4 தாண்டாது, உடனே பதட்டம். 11ங்கறது மூணு ஃபேஸ், ஒவ்வொண்ணுலயும் 16 ஆம்பியர். நம்ம வீவக கார்பார்க்ல பரவலா இருக்குறது 7.4, அது ஒரே ஃபேஸ்ல 32 ஆம்பியர். சில கார் ஒரு ஃபேஸ்ல 32 எடுக்கும், சில கார் ஒரு ஃபேஸ்ல 16க்கு மேல எடுக்கவே எடுக்காது, அந்தக் காருக்கு 3.7 வந்தாலே அது நார்மல். ஓபிசியோட முழு பலத்தை சோதிக்கணும்னா மூணு ஃபேஸ் இருக்குற 11 இல்ல 22 கிலோவாட் பெட்டில போட்டுப் பாருங்க, அதுவும் பேட்டரி பாதி இருக்கும்போது, ஏன்னா 100 கிட்ட போனா எந்தக் காரும் வேகத்தைக் குறைக்கும். உள்ள உக்காந்து ஏர்கான் போட்டுக்கிட்டு அளக்காதீங்க, அதுவும் அந்த கரண்ட்லதான் ஓடுது. இதெல்லாம் சரியா பண்ணியும் மூணு ஃபேஸ்ல 11 வர வேண்டிய கார் 7.4லயோ 3.7லயோ நின்னுச்சுன்னா, வேற ஒரு மூணு ஃபேஸ் பெட்டிலயும் அதே நம்பர் வந்துச்சுன்னா, அப்பதான் ஓபிசிக்குள்ள ஒரு பகுதி போயிருக்குன்னு சொல்ல நியாயம் இருக்கு.

பில்லுல 30 யூனிட் போட்டிருக்கு, பேட்டரில 27தான் ஏறியிருக்குன்னு சண்டைக்குப் போறவங்களும் உண்டு. ஏசியை டிசியா மாத்தும்போது பத்து சதவீதம் கிட்ட சூடா போறது சகஜம். நம்ம ஊர் வெயில்ல எக்ஸ்பிரஸ்வேல ஓட்டிட்டு வந்து திறந்தவெளி கார்பார்க்ல உடனே சொருகினா ஓபிசி சூட்டுக்கு பயந்து கரண்டை தானே குறைச்சுக்கவும் செய்யும். மறுபடி ராத்திரி போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கவலைப்படுங்க. ஓபிசியைக் குளிர வைக்கிற கூலன்ட் கொறைஞ்சிருந்தா குழாய்த் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க, காருக்குன்னு சொன்ன கூலன்ட்தான்.

சொருகும்போது காதைக் கொடுத்துக் கேளுங்க. முதல்ல லாக் விழற சத்தம், அப்புறம் பெட்டிக்குள்ள ஒரு டக், காருக்குள்ள ஒரு டக், கொஞ்ச நேரத்துல கூலன்ட் பம்ப் முனகும். லாக்கோட நின்னா காரும் பெட்டியும் பேசிக்கலன்னு அர்த்தம், கேபிள், செட்டிங், பெட்டி இதுல தேடணும். ரெண்டு டக்கும் வந்து சில செகண்ட்ல விட்டுடுச்சுன்னா, வேற வேற பெட்டிலயும் அப்படியேன்னா, ஓபிசி மேல சந்தேகம் வலுக்குது.

இப்ப உயிர் சம்பந்தப்பட்ட ஒண்ணு. தரை வீட்டுல சொந்தமா சார்ஜர் வச்சிருக்கவங்க, சொருகினதும் டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டில) கரண்ட் கசிஞ்சா இணைப்பை வெட்டுற ஆர்சிசிபி ஸ்விட்ச் விழுந்தா திரும்பத் திரும்ப தூக்கி விடாதீங்க. அது விழறதுக்குக் காரணம் எங்கயோ கரண்ட் கசியுது, சாக்கெட்டுக்குள்ள மழைத்தண்ணியா இருக்கலாம், ஓபிசிக்குள்ள இன்சுலேஷன் போயிருக்கலாம். அதே காரை வெளியில வேற பெட்டில போட்டு அங்கயும் விழுந்தா காரோட பிரச்சினை, வீட்டுல மட்டும் விழுந்தா உரிமம் இருக்குற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஆன்லைன்ல வாங்கின அடாப்டர், எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு சோதிக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 8லேர்ந்து மின்வாகன சார்ஜிங் சட்டம் நடப்புல இருக்கு, நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரிச்ச சார்ஜர்தான் பயன்படுத்தலாம். சாக்கெட்டுக்குள்ள எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறது, வாட்டர் ஜெட்ல கழுவுறது ரெண்டும் கூடாது.

வீடியோ பார்த்துட்டு ஓபிசி மூடியைக் கழட்டுறது அதை விட மோசம். ஆரஞ்சு கேபிள் எங்க இருக்கோ அங்க ஆளைக் கொல்ற வோல்ட்டேஜ் இருக்கு, காரை ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டர்ல நிக்கும், பயிற்சி எடுத்தவங்களே பெரிய பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, மீட்டர் வச்சு பூஜ்யம்னு பார்த்துட்டுதான் கை வைப்பாங்க. தயவு செஞ்சு வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி எரர் கோடை அழிக்காதீங்க. ஸ்கேனர் இருந்தா படிங்க, போட்டோ எடுங்க, அப்படியே விடுங்க. அழிச்சுட்டா எந்த நேரம் எவ்வளவு சூட்டுல நின்னுச்சுங்கற விவரமும் சேர்ந்து போயிடும், அப்புறம் அவங்களும் ஊகத்துலதான் ஓபிசியை மாத்துவாங்க. அப்புறம் வாரன்டி புக்கை எடுத்துப் பாருங்க, எட்டு வருஷம்னு சொன்னது பெரும்பாலும் பேட்டரிக்கு, ஓபிசி அதுல சேர்த்தியா இல்லையான்னு காருக்குக் கார் மாறும், பிஐ (கம்பெனி டீலர் இல்லாம தனியா இறக்குமதி பண்றவங்க) மூலமா வாங்கின கார்னா வாரன்டி யார் தர்றாங்கன்னும் எழுத்துல கேளுங்க. மச்சான் கார்ல நான் எடுத்த அந்த பழுப்பு பின் போட்டோவை வேற ஒர்க்‌ஷாப்ல காட்டினோம், பார்த்த உடனே அங்க இருந்த மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, "கேபிள் எங்க, அதைக் கொண்டு வந்தீங்களா?"