கூம்பு நத்தை நஞ்சு: ஊட்டியில் மருந்தியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கூம்பு நத்தையின் நஞ்சு வலி மருந்தாகிறது" என்று செமினாரில் எழுதினால் அங்கேயே பிழை தொடங்கிவிடுகிறது. நஞ்சு மருந்தாவதில்லை. கூம்பு வடிவ ஓடுள்ள இந்தக் கடல் நத்தை ஒன்றின் நஞ்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) கலந்திருக்கும். நரம்புச் செல்லில் சோடியம் நுழையும் வாயிலான சோடியம் சேனலைத் தாக்குவது ஒன்று, கால்சியம் சேனலை அடைப்பது ஒன்று, நரம்புச் செய்தியை வாங்கும் நிகோட்டினிக் ஏற்பியைப் பிடிப்பது வேறொன்று. இவற்றில் கோனஸ் மேகஸ் இனத்தின் ஒரே ஒரு பெப்டைடுதான், செயற்கையாகச் செய்யப்பட்டு, ஜிகோனோடைட் என்ற பெயரில் வலி மருந்தாக 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எந்த இனம், எந்தப் பெப்டைடு, எந்தச் சேனல் என்ற மூன்றையும் சொல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அடுத்து, ஜிகோனோடைடை மார்ஃபினோடு வைத்து "இத்தனை மடங்கு வீரியம்" என்று சொல்வது. எடைக்கு எடை ஒப்பிட்டால் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் நோயாளிக்கு அதில் பயன் குறைவு. ஜிகோனோடைட் முதுகெலும்புக்குள், தண்டுவடத் திரவத்தில், பம்பு வழியாக மட்டுமே செல்லும். மாத்திரையாக விழுங்கினால் பலனில்லை. ரத்தத்தில் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். தொடக்க அளவு நாளுக்கு 2.4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, உச்சவரம்பு 19.2 மைக்ரோகிராம். இது மில்லிகிராம் அல்ல. சீக்கிரம் ஏற்றினால் குழப்பம், மறதி, மாயத்தோற்றம் வரும். மனச்சிதைவு வந்திருந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சை அடக்காது, நிறுத்தினால் விலகல் தொல்லையும் (மருந்தை விட்டதும் வரும் உடல் அவதி) இல்லை. இதன் உண்மையான அருமை இங்கேதான் இருக்கிறது, அதை எழுதுங்கள்.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே நீட்டுவது மூன்றாவது. கோனஸ் விக்டோரியே நத்தையிலிருந்து வந்த விசி1.1 என்ற பெப்டைடு எலிகளில் வலியை நன்றாகக் குறைத்தது. மனித ஏற்பியிடம் அதன் பிடி பலவீனம் என்று தெரிந்ததும் 2007-ல் சோதனை நின்றது.

ஆய்வகத்தில் பெரும்பாலான பெப்டைடு வீணாவது மடிப்பில்தான், அதாவது சங்கிலியைச் சரியான வடிவத்துக்கு மடிக்கும்போதுதான். ஜிகோனோடைடில் 25 அமினோ அமிலங்கள், அவற்றில் ஆறு சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம். ஆறும் இரண்டிரண்டாகக் கந்தகப் பாலம் போட்டு இணைய 15 வழிகள் உண்டு, சரியானது ஒன்றே: 1–16, 8–20, 15–25. மூன்று பாலங்களும் அமைந்தால் நிறை சுமார் 2,645-லிருந்து 2,639 டால்டனாக (மூலக்கூறு நிறையின் அலகு) குறையும். அந்த ஆறு டால்டனைக் கண்டதும் "மடிந்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். தவறாக மடிந்த பதினான்குக்கும் அதே நிறைதான். சரியான மாதிரியோடு கலந்து எச்பிஎல்சி-யில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி) ஓட்டி, இரண்டும் ஒரே உச்சியாக வருகிறதா என்று பாருங்கள். 16 டால்டன் கூடியிருந்தால் 12-ஆம் இடத்து மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறிக் கெட்டிருக்கலாம். டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் வேதிப்பொருள் கலந்த பஃபரில் கரைத்தால் பாலங்கள் அறுந்துபோகும். பிஎச் 8-க்கு மேலே நெடுநேரம் வைத்தால் பாலங்கள் இடம்மாறும்.

எடை இன்னொரு கண்ணி. தூளில் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்திருப்பதால் 1 மில்லிகிராம் நிறுத்தால் அத்தனையும் பெப்டைடாக இராது. ஆடி மாத மூடுபனியில் ஊட்டியில் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடியபடியே டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) அரை மணிக்கு மேல் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள். கரைசலின் செறிவை 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளப்பது நல்லது: ஒரு டைரோசின், மூன்று பாலங்கள் என்பதால் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 1,865. அதாவது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் ஒரு செ.மீ. குவெட்டில் ஏறக்குறைய 0.7 காட்டும். பிறகு சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய் வரும் இடத்தில் ஒரே பெரிய குப்பி பலமுறை உருகி உறையும்.

கடைசியாக ஒன்று, ராமேஸ்வரம் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு. மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தைகள் உண்டு. அழகான கூம்புச் சிப்பியை அகன்ற முனையில் பிடித்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அதன் துதிக்கை வளைந்து எட்டும். சட்டைப்பையிலும் போடாதீர்கள். குத்திவிட்டால் நஞ்சு முறிக்கும் மருந்து கிடையாது: குத்துப்பட்ட கையையோ காலையோ அசையாதபடி கட்டி, மூச்சுக்கு உதவ வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.