ஷிஃப்டரில் இருக்கும் குட்டித் திருகு ஏன் உடைகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

போட்டி ரோபோவில் இரண்டு வேக கியர்பாக்ஸ் வைத்தால், கியர் மாற்றும் வேலையைப் பெரும்பாலும் ஒரு சின்ன காற்று சிலிண்டர் செய்யும், இந்த அமைப்புதான் ஷிஃப்டர். சிலிண்டரின் தண்டையும் கியர்களுக்கு நடுவே நகர்ந்து பற்களால் கியரைக் கவ்வும் டாக் கிளட்சையும் இணைக்கும் இடத்தில் பல நேரம் ஒரே ஒரு எம்3 (3 மி.மீ. விட்டம்) திருகுதான் இருக்கும், அது போனால் ரோபோ ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். எங்களுடையது முதலில் வளைந்தது. சரி, கெட்டியானதாகப் போடுவோம் என்று 12.9 தரத் திருகை மாட்டினோம். அது வளையவில்லை, சில நாளில் பட்டென்று முறிந்தே போனது. அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தோம்.

முதலில் விசையைக் கண்டுபிடியுங்கள். எஃப்ஆர்சி என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டியில் வேலை அழுத்தம் அதிகபட்சம் 60 பிஎஸ்ஐ, அதாவது சதுர மி.மீ.க்கு சுமார் 0.41 நியூட்டன். சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பு 314 சதுர மி.மீ., இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 130 நியூட்டன். 13 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி, அவ்வளவுதான்.

அடுத்து, திருகு எவ்வளவு தாங்கும்? தலையிலோ பெட்டியிலோ 8.8 என்று இருந்தால், முதல் எண்ணை 100 ஆல் பெருக்குங்கள்: 800 மெகாபாஸ்கலில், அதாவது சதுர மி.மீ.க்கு 800 நியூட்டனில், அறுபடும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640 இல், நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்கிறது. எம்3 மரையின் பரப்பு 5.03 சதுர மி.மீ., ஆகவே நேராக இழுத்தால் அறுபட 4000 நியூட்டன் வேண்டும். நம் விசையைப் போல 30 மடங்கு! பலர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான்.

ஆனால் ஷிஃப்டரில் திருகை யாரும் நேராக இழுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறோம். திருகு ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு, 10 மி.மீ. வெளியே நீட்டி நின்று, அந்த நுனியில் 130 நியூட்டன் விழுந்தால் அடியில் 1300 நியூட்டன் மி.மீ. வளைவுத் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) வரும். மரையின் அடிவிட்டம் 2.39 மி.மீ.; அதன் முப்படியை (2.39 × 2.39 × 2.39) 3.14 ஆல் பெருக்கி 32 ஆல் வகுத்தால் 1.34. இப்போது 1300 ஐ 1.34 ஆல் வகுங்கள், சுமார் 970 மெகாபாஸ்கல் தகைவு (ஒரு சதுர மி.மீ.க்கு விழும் விசை). 8.8 வளைந்ததில் ஆச்சரியமே இல்லை. 12.9 இன் எல்லை 1080 என்பதால் அது முதலில் தாங்கியது, ஆனால் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளைந்து, பல்லோடு பல் மோதும் அடியையும் வாங்கி, களைத்து முறிந்துவிட்டது.

சரிசெய்வது எப்படி? நீட்டலைக் குறையுங்கள், பாதியாக்கினால் தகைவும் பாதி. இன்னும் நல்லது, திருகை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் விசை விழ விடுவது, 10 மி.மீ. இடைவெளியிலும் தகைவு கால்வாசிக்கு இறங்கும். எம்4 போட இடம் இருந்தால் வளைவைத் தாங்கும் திறன் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். தள்ளும் இடத்தில் மரை வராமல் வழவழப்பான தண்டுப் பகுதி வரும்படி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள், மரையின் பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கிறது.

அலுமினியத்தில் திருகினால் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் மரை பிடிக்கட்டும். திருகு தளராமல் இருக்க நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் கழற்றச் சூடாக்க வேண்டிவரும். முறுக்கியதும் திருகுத் தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.