நம்பகமான கணினிக்கு முதலாளியிடம் காசு கேட்பது எப்படி

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடையோ உபியில் ஒரு கிடங்கோ, பில்களும் கணக்குகளும் ஓடும் மையக் கணினியை (சர்வர்) மாற்றக் காசு கேட்டால், "பழைய சர்வர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்ற கேள்வி வரும். பதிலை வெள்ளிக் கணக்கில் (சிங்கப்பூர் டாலரில்) சொல்லுங்கள்.

முதலில் 12 மாத பில்களையும் பழுதுபார்ப்பு ரசீதுகளையும் பார்த்து, கணினி முடங்கிய மணிநேரத்தைக் கூட்டுங்கள். அதை ஒரு மணிநேரத்தின் முழு விற்பனைத் தொகையால் பெருக்குவதுதான் வழக்கமான தவறு; கணக்குத் தெரிந்த முதலாளி உடனே மடக்கிவிடுவார். விற்காத சரக்கு அலமாரியில்தானே இருக்கிறது! இழந்தது லாபம் மட்டுமே.

உதாரணமாக, மணிக்கு 400 வெள்ளி விற்பனை, 30% லாபம் என்றால் இழப்பு 120 வெள்ளி. ஆண்டுக்கு 18 மணிநேரம் முடங்கினால் 2,160. சும்மா நின்ற காசாளரின் சம்பளத்தைச் சேர்க்காதீர்கள், அது இரட்டைக் கணக்கு. கையால் எழுதிய பில்களை மறுபடி பதிய ஆன ஓவர்டைமைச் சேர்க்கலாம். நல்ல கணினியும் எப்போதாவது படுக்கும். அதனால் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்றே காட்டுங்கள்: 1,440. நான்கு ஆண்டுக்கு 5,760.

இதற்கு எதிரே முழு விலையை அல்ல, மலிவான கணினியைவிடக் கூடுதலாகும் தொகையை வையுங்கள். மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓட்டும் யூபிஎஸ் பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்றவேண்டும், அந்தச் செலவையும் மறைக்காதீர்கள். ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் இரட்டை டிஸ்க் இருப்பதால் பேக்கப் (தனியாக எடுத்துவைக்கும் நகல்) தேவையில்லை என்று விட்டுவிடக் கூடாது: தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். வருமான வரி ஆணையத்துக்காகக் கணக்குகளை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

அரசாங்க மானியம் கேட்பதாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.