முதல் மீன் தொட்டி: தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுங்கள்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு சீக்கிரம் நுரைக்காது. குளியலறை மக்கின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். முதல்முறை மீன் தொட்டி வைத்தபோது இந்தத் தண்ணீரை அப்படியே நிரப்பி, அன்று மாலையே பத்து நியான் டெட்ரா வாங்கி வந்தேன். ஆறாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி மீனை மகளும் நானும் செம்பருத்திச் செடியடியில் புதைத்தோம்.

நியான் டெட்ரா அமேசான் பகுதி மீன். அது வாழும் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, லேசான அமிலத்தன்மை இருக்கும். அதைக் கடலோர ஊரின் போர் தண்ணீரில் விட்டது முதல் தவறு. தொட்டி தயாராகும் முன்பே விட்டது அதைவிடப் பெரிய தவறு. புதிதாகத் தொடங்கும் யாரும் இந்த இரண்டையும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

ஆர்.ஓ. சர்வீஸ்காரர் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். தண்ணீரின் கடினத்தன்மையை அது நேரடியாகச் சொல்லாது, குத்துமதிப்பு கிடைக்கும். 500-ஐத் தாண்டினால் நியான் ஆசையை விட்டுவிடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு, மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் இருக்காது.

குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் குளோரினைக் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்க அகலமான பக்கெட்டில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு விடுங்கள்.

தொட்டியும் இடமும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இதைவிடச் சின்னதாக வேண்டாம், தண்ணீர் குறைந்தால் கெடுவதும் வேகமாகக் கெடும். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து எடை 70 கிலோவுக்கு மேல் போய்விடும் என்பதால் டீப்பாய் தாங்காது. உறுதியான ஸ்டாண்டில், அடியில் தெர்மகோல் ஷீட் போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படக்கூடாது, பாசி பிடித்துவிடும்.

அலங்காரம்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள்.

சின்னக் கூழாங்கல் 12 கிலோ அளவுக்கு வாங்குங்கள். சாயம் பூசிய நீலக் கல், பச்சைக் கல் வேண்டாம், அந்தப் பின்னணியில் மீனின் நிறம் எடுபடாது. பக்கெட்டில் போட்டு அரிசி களைவதுபோலக் கையால் அளைந்து அளைந்து கழுவுங்கள். கழுவிய தண்ணீர் தெளிய எட்டு, பத்து முறையாவது ஆகும். பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்திப் பரப்பினால் தொட்டிக்கு ஆழம் இருப்பதுபோலத் தெரியும்.

பெரிய கற்களைச் சோதிக்காமல் வைக்காதீர்கள். காய்ந்த கல்லின் மேல் வினிகர் இரண்டு சொட்டு விட்டு, கண்ணை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பினால் சுண்ணாம்புக் கல், அது தண்ணீரை இன்னும் கடினமாக்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் அப்படித்தான். என் மகள் சேர்த்த சிப்பிகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

மீன் ஒளிவதற்கு இடம் வேண்டும். ஒளிய இடம் இருந்தால்தான் அது தைரியமாக வெளியே வரும். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலை நம் வில்லியனூரில் நடக்கும்போது பிளாஸ்டிக் கோட்டை எதற்கு? பெயின்ட் அடிக்காத சின்ன மண்சட்டியைப் பாதியாக உடைத்து, கூர்முனைகளைத் தேய்த்து, கல்லில் பாதி புதைத்துக் கவிழ்த்து வையுங்கள். சில மாதத்தில் பாசி படர்ந்து, அங்கேயே கிடந்த பழைய பொருள்போல ஆகிவிடும். டிரிஃப்ட்வுட் என்கிற அலங்கார மரத்துண்டு வைப்பதென்றால் ஒன்றிரண்டு வாரம் ஊறவிடுங்கள். தண்ணீர் டீ நிறமாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மீனுக்குக் கெடுதல் இல்லை.

செடியில் பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா. கடினத் தண்ணீரிலும் செழிப்பாக வளரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மரத்துண்டில் நூலால் கட்டுங்கள். கிழங்கு போன்ற அதன் தண்டைக் கல்லில் புதைத்தால் அழுகிவிடும். அப்புறம் கல்லின் மேல் ஒரு தட்டு வைத்து, தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், அலங்காரம் கலையாது. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்.

மீனில்லாத மாதம்

ஏர் பம்பும் ஸ்பான்ஜ் ஃபில்டரும் ஓடட்டும், மீன் மட்டும் வேண்டாம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது மக்கி அம்மோனியா தரும். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது தன் பழைய ஸ்பான்ஜை உங்கள் தொட்டியில் பிழிந்தால் நாள் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

மீன் விடுதல்

இந்த அளவுத் தொட்டிக்கு நான் சொல்வது: ஆண் கப்பி 6, பிளாட்டி 3, ஜீப்ரா டேனியோ 6. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் கப்பி, பத்து நாள் கழித்து பிளாட்டி, பிறகு டேனியோ. பெண் கப்பியையும் சேர்த்தால் சில மாதத்தில் குஞ்சுகளை வைக்க இடம் இருக்காது.

டேனியோ ஓயாமல் ஓடும். அமைதியான தொட்டி வேண்டுமென்றால் அதற்குப் பதில் நம் ஊர் மீனான ஸ்பைக்டெயில் பாரடைஸ் ஃபிஷ் ஒரு ஜோடி வைக்கலாம். 1831-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்த சின்ன மீன் அது. அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரிலிருந்துதான் அதற்குக் குபானஸ் என்ற அறிவியல் பெயர் வந்தது. இரண்டரை அங்குலத்துக்குள் இருக்கும். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், எனவே மூடிக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விடுங்கள். ஆண் மீன் இலைக்கு அடியில் நுரையால் கூடு கட்டுவதை முதன்முதலில் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. வாய்க்காலில் பிடித்த மீனென்றால் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோல்டு ஃபிஷ் வேண்டாம், கழிவு அதிகம். டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடிக்கும். டேங்க் கிளீனர் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு அதை ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களால் நம் நீர்நிலைகள் கெடுகின்றன. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

மீன் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

வாராவாரம், அப்புறம் புயல் நாளில்

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் வெகுநேரம் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றுவிட்டது. மக்கில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினோம். அரை மணிக்கு ஒருமுறை, வீட்டில் எல்லோரும் முறை வைத்து. தீனி போடவில்லை. கரண்ட் வந்ததும், நின்றுபோன ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பம்பைப் போட்டோம். எல்லா மீனும் பிழைத்தன. இப்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி, அக்டோபர் பிறந்ததும் சார்ஜ் ஏற்றித் தொட்டிக்குக் கீழே வைத்துவிடுகிறோம்.