கடை வாசலில் தமிழ் ஓடணும்: போனிலிருந்து மாற்றும் எல்இடி போர்டு

போனில் தட்டினால் எழுத்து ஓடும் எல்இடி போர்டு செய்வதற்கு வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றிலும் கடைசியில் ஓடுவது ‘வெல்கம்’தான். அதே போர்டில் தமிழில் தட்டிப் பாருங்க, புரியாத குறியாக ஓடும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது.

பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச்சில், தெரிந்த அண்ணன் ஒருத்தர் அத்தோ, மொய்ங்கா மாதிரி பர்மா சாப்பாடு விற்கும் அத்தோ கடை போட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது ‘அத்தோ ரெடி’, ‘மொய்ங்கா இருக்கு’, ‘பேஜோ தீர்ந்தது’ மாதிரி சாயங்காலம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் வாசகங்கள். வாடிக்கையாளர் எல்லாம் தமிழ்தான் படிப்பார்கள். அவருக்குச் செய்த போர்டின் வழிமுறைதான் இது. ஆர்டுயினோ ஐடிஇ போட்டு ஒரு எல்இடியை மினுக்க வைத்திருந்தால் போதும், இதைத் தொடரலாம்.

சாமான்

நோட்எம்சியூ, அதாவது இஎஸ்பி8266 போர்டு ஒன்று. மேக்ஸ்7219 சிப் வைத்த ‘நாலு சேர்ந்த’ சிவப்பு டாட் மேட்ரிக்ஸ் நான்கு. 5 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை ஒன்று. 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டுக்குத் தூக்கிவிடும் 74எச்சிடி125 ஐசி ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து ஆட்கள் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

மேட்ரிக்ஸ் வாங்கும்போது நான்கையும் ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்குங்க. வேறு வேறு லாட் என்றால் சிவப்பே இரண்டு மூன்று விதமாக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும்.

ஒரு மேட்ரிக்ஸ் துண்டு 32 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம். ஆங்கிலத்துக்கு 8 போதும். தமிழுக்குப் போதவே போதாது. மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ வளைவும் வேண்டும், கீழே ‘கு’, ‘ழ’ இறங்க இடம் வேண்டும். அதனால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடுக்கி 64க்கு 16 ஆக்குகிறோம். போர்டு சுமார் 25 செ.மீ. அகலம், ஆறரை செ.மீ. உயரம் வரும்.

எச்சி-05 புளூடூத்தும் ஆர்டுயினோ ஊனோவும் வைத்துச் செய்யும் முறை எனக்குப் பிடிக்காது. எச்சி-05 ஐபோனோடு பேசாது, ஊனோவில் ரேம் வெறும் 2 கேபி, தனியாக ஆப் வேறு போட வேண்டும். இஎஸ்பியில் வைஃபையும் உண்டு, வெப்பேஜும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கடை வாசல்களில் தொங்கும் பி10 பேனல் ஏன் கூடாது என்று கேட்பீங்க. வெயிலில் தெரிய வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் பி10 பேனலைக் கண்ட்ரோலர் ஓயாமல் ஸ்கேன் செய்துகொண்டே இருக்க வேண்டும், இஎஸ்பி வைஃபை வேலையில் கொஞ்சம் தாமதித்தாலும் வெளிச்சம் துடிக்கும். மேக்ஸ்7219 அப்படி இல்லை. ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்தது வரும்வரை தானே பிடித்து வைத்திருக்கும். ராத்திரிக் கடைக்கு இதுவே தாராளம்.

வயரிங்

நோட்எம்சியூவின் டி7 காலில் இருந்து டேட்டா, டி5இல் இருந்து கிளாக், டி8இல் இருந்து சிஎஸ். இந்த மூன்றையும் நேராக மேட்ரிக்ஸில் சொருகச் சொல்லித்தான் எல்லா வீடியோவும் காட்டும். மேஜை மேல் அது ஓடவும் ஓடும். சிக்கல் என்னவென்றால் 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219 குறைந்தது 3.5 வோல்ட் வந்தால்தான் ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும் என்கிறது அதன் டேட்டாஷீட். இஎஸ்பி தருவது 3.3. ஒயர் நீண்டாலோ பக்கத்தில் மிக்ஸி ஓடினாலோ போர்டு முழுக்க சிவப்பாக எரிந்து நின்றுவிடும். நடுவில் 74எச்சிடி125 போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெயரில் ‘டி’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க, வெறும் 74எச்சி125 இதற்கு உதவாது. அதற்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்து, எனேபிள் கால்களைக் கிரவுண்டில் கட்டுங்க. கட்டாவிட்டால் வெளியே ஒன்றும் வராது.

வரிசை இப்படி. முன்பக்கம் இருந்து பார்த்தால் கீழ் வரிசையின் வலது முனையில் டேட்டா நுழையும், இடது முனையில் வெளியேறும். அங்கிருந்து பின்பக்கமாக ஒரு நீள ஒயர் மேல் வரிசையின் வலது முனைக்குப் போகும். போர்டிலேயே மிக நீளமான சிக்னல் ஒயர் இதுதான், பாதிக் கோளாறு இதில்தான் வரும். டேட்டாவை மட்டும் இந்த வழியில் எடுங்க. கிளாக்கையும் சிஎஸ்ஸையும் ஐசியிலிருந்து மேல் வரிசைக்குத் தனியாக இழுத்துவிடுங்க, கூடவே ஒரு கிரவுண்ட் ஒயரை முறுக்கி விடுங்க.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 8க்கு 8 கட்டம் ஒன்று முழுப் பிரகாசத்தில், எல்லா பிக்சலும் எரிந்தால், 320 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நம்மிடம் 16 கட்டம், கணக்குப் போட்டால் 5 ஆம்பியரைத் தொடும். எழுத்து ஓடும்போது அதில் சிறு பங்குதான் ஆகும், பிரகாசத்தையும் 0 முதல் 15 வரை உள்ள அளவில் 3 அல்லது 4இல் வைத்தாலே ராத்திரிக்குக் கண் கூசும். இருந்தாலும் கரண்ட்டை நோட்எம்சியூ வழியாக எடுக்காதீங்க. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து மேல் வரிசைக்கு ஒரு ஜோடி, கீழ் வரிசைக்கு ஒரு ஜோடி, நோட்எம்சியூவின் விஐஎன் காலுக்கு ஒரு ஜோடி. கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. கெபாசிட்டரை மேட்ரிக்ஸ் பக்கத்தில் வையுங்க. எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் ஸ்குரூக்கள் திறந்தே இருக்கும், மூடியில்லாமல் கரண்ட் கொடுக்காதீங்க.

முதல் சோதனை ஆங்கிலத்தில்

லைப்ரரி மேனேஜரில் எம்டி_மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் போடுங்க. அதன் எக்ஸாம்பிள் பட்டியலில் இஎஸ்பி8266க்கான மெசேஜ் ஸ்கெட்ச் ஒன்று இருக்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், கட்டங்களின் எண்ணிக்கை 16 என்று மாற்றி ஏற்றுங்க. எழுத்து ஒவ்வொரு கட்டத்திலும் படுத்துக்கொண்டோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ வந்தால் ஒயரைப் பிடுங்க வேண்டாம். ஹார்டுவேர் வகை என்று ஒரு வரி இருக்கும், அதை எஃப்சி16 என்று மாற்றினால் சர்க்யூட் பலகை பச்சை, நீல நிறத்தில் வரும் இந்த நாலு சேர்ந்த துண்டுகளில் பெரும்பாலும் சரியாகிவிடும். கீழ் வரிசையில் ஓடி முடித்த எழுத்து மேல் வரிசையில் தொடர்ந்தால் வயரிங் சரி.

தமிழ்: போனே வரையட்டும்

இனிதான் முக்கியமான இடம்.

‘அத்தோ’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, த, புள்ளி, த, ஓகாரக் குறி என்று ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். லைப்ரரியின் ஃபாண்ட் பைட்டுக்கு ஒரு எழுத்து என்று நினைத்து 15 குப்பையை ஓட விடுகிறது. நாமே தமிழ் ஃபாண்ட் டேபிள் செய்து போடலாம்தான். ஆனால் ஓகாரக் குறி ‘த’வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாகப் பிரிய வேண்டும், ‘கு’, ‘டு’, ‘து’ ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம் வேண்டும். இவ்வளவையும் இஎஸ்பிக்குச் சொல்லிக்கொடுப்பது வேண்டாத வேலை. எல்லாவற்றையும் போன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறது. அதனால் எழுத்தை அனுப்பாதீங்க, படத்தை அனுப்புங்க.

இஎஸ்பி கொடுக்கும் வெப்பேஜில் ஒரு எழுதும் பெட்டியும் படம் வரைய ஒரு கேன்வாஸும் வையுங்க. தட்டிய வாசகத்தை ஜாவாஸ்கிரிப்ட் 16 பிக்சல் உயரக் கேன்வாஸில் எழுதும். அகலத்தை முதலில் அளந்து, அந்த அகலத்துக்குக் கேன்வாஸை நீட்டிவிட்டு எழுத வேண்டும், இல்லாவிட்டால் வால் வெட்டுப்படும். பிறகு ஒவ்வொரு பிக்சலின் ஆல்ஃபா மதிப்பைப் படிக்க வேண்டும். எழுத்து அந்தப் பிக்சலை எவ்வளவு மூடியிருக்கிறது என்று சொல்லும் 0 முதல் 255 வரை ஓர் எண் அது. குறிப்பிட்ட எல்லைக்கு மேலே இருந்தால் எரியும், கீழே இருந்தால் அணையும்.

அந்த எல்லை எவ்வளவு என்பதில்தான் தமிழே இருக்கிறது. பாதி என்று 128 வைத்தேன். அண்ணன் கல்லில் கையை வைத்துக்கொண்டே போர்டைப் பார்த்தார்.

“இன்னா தம்பி, அத்தோன்னு போடச் சொன்னா அததோன்னு ஓடுது?”

புள்ளி காணாமல் போயிருந்தது. இந்த அளவில் புள்ளி என்பது ஒரு பிக்சல், அதுவும் இரண்டு பிக்சலுக்கு நடுவில் விழுந்தால் இரண்டும் மங்கலாகி எல்லைக்குக் கீழே போய்விடும். எல்லையை 90க்கு இறக்கினால் புள்ளி வரும், ஆனால் ‘ண’, ‘ஞ’ உள்ளே இருக்கும் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்த ஃபாண்ட் போட்டாலும் இதே கதை.

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. பேஜிலேயே மூன்று ஸ்லைடர் வைத்துவிடுங்க: எழுத்தின் அளவு, எழுத்து உட்காரும் அடிக்கோட்டின் உயரம், எல்லை. கீழே போர்டில் வரப்போவதைப் பெரிய சிவப்பு வட்டங்களாகக் காட்டும் முன்னோட்டம் ஒன்று. அளவு 13 பிக்சல், அடிக்கோடு மேலிருந்து 12ஆவது வரிசை, எல்லை 100 என்று ஆரம்பித்து நகர்த்துங்க. ‘ஞாயிறு முழு விடுமுறை’ என்று எழுதிப் பாருங்க. சுழி, கொம்பு, கீழிறங்கும் ‘ழு’ மூன்றும் அதில் வந்துவிடும். கூடவே ‘அத்தோ’வும், புள்ளிக்காக. முன்னோட்டத்தில் படிக்க முடிந்தால் போர்டிலும் படிக்கலாம்.

அனுப்புவதும் ஓட விடுவதும்

ஒரு நெடுவரிசைக்கு 16 பிக்சல், அதாவது இரண்டு பைட். 400 நெடுவரிசை நீள வாசகம் என்றாலும் 800 பைட்தான். இதை ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றி போஸ்ட் முறையில் அனுப்புங்க. நேரடி பைனரியாக அனுப்பினால் வெற்று நெடுவரிசையின் சுழியத்தை ‘வாசகம் முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு இஎஸ்பி மீதியை வெட்டிவிட வாய்ப்பு உண்டு.

போர்டு பக்கம் செய்ய வேண்டியது குறைவு. வந்ததை ஒரு அரேயில் வைத்து, 35 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஒரு நெடுவரிசை நகர்த்தி எழுத வேண்டும். லைப்ரரி நெடுவரிசைகளை வலமிருந்து எண்ணும். ஆகவே இடமிருந்து எண்ணும் நம் நெடுவரிசையை கீழ் வரிசைக்கு 63இலிருந்தும், மேல் வரிசைக்கு 127இலிருந்தும் கழித்துக்கொள்ளுங்க. பைட்டின் கடைசி பிட்தான் மேல் பிக்சல், இதை மாற்றிப் போட்டால் தமிழ் தலைகீழாகத் தொங்கும். எழுதும்போது அப்டேட்டை நிறுத்தி, 128 நெடுவரிசையும் எழுதிய பிறகு திறந்துவிடுங்க, மேல் பாதியும் கீழ் பாதியும் பிரிந்து ஓடாது. டிலே போடாமல் மில்லிஸ் கணக்கில் ஓட்டுங்க, இல்லாவிட்டால் பேஜ் திறக்க நேரமாகும்.

கரண்ட் போய் வந்தாலும் பழைய வாசகம் ஓட வேண்டும் என்றால் லிட்டில்எஃப்எஸ்ஸில், அதாவது போர்டின் ஃபிளாஷ் மெமரியில் ஃபைலாகச் சேமியுங்க. வாசகம் மாறும்போது மட்டும்.

போன் முரண்டு பிடித்தால்

கடையில் வைஃபை ஏது? இஎஸ்பியே ஒரு ஹாட்ஸ்பாட்டாக இருக்கட்டும். பாஸ்வேர்ட் 8 எழுத்துக்குக் குறைந்தால் ஹாட்ஸ்பாட் எழும்பாது. போனை அதில் இணைத்து 192.168.4.1 திறந்தால் பேஜ் வரும்.

பலருக்கு வரவில்லை. இரண்டு காரணம். இந்த வைஃபையில் இண்டர்நெட் இல்லை என்று கண்ட ஆண்ட்ராய்டு, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘இண்டர்நெட் இல்லாவிட்டாலும் இணைப்பில் இரு’ என்று கேட்கும்போது சரி சொல்லுங்க, கேட்காத போனில் மொபைல் டேட்டாவை அணையுங்க. இரண்டாவது, பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் போட்டுக்கொள்ளும். முன்னால் எச்டிடிபி என்று கையால் தட்டி, புக்மார்க் செய்து கொடுத்துவிடுங்க. வீட்டு வைஃபையில் இணைக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க: இஎஸ்பி8266க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும்.

பாஸ்வேர்டைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டாதீங்க. பக்கத்து கேரம் கிளப் பசங்களுக்குத் தெரிந்தால் போர்டில் அன்றைக்கு அத்தோ ஓடாது, யார் யாரைச் சாத்தினார்கள் என்ற ஸ்கோர்தான் ஓடும்.

பெட்டி

முன்னால் சிவப்பு அக்ரிலிக் ஷீட் போடுங்க, எரியாத பிக்சல்கள் மறைந்து எழுத்து பளிச்சென்று நிற்கும். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் மாதிரி கடற்கரை ஓரம் என்றால் சொருகும் ஜம்பர் ஒயர்களை நம்பவே வேண்டாம். உப்புக்காற்றில் பின் பச்சை பூத்து, தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்ற வையுங்க, மேலே நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. கெட்டில் ஆவியும் எண்ணெயும் மேலேறும் இடத்துக்கு நேராக மாட்டாமல் பக்கவாட்டில் தள்ளி மாட்டுங்க.

பிற்சேர்க்கை

ஆண்ட்ராய்டில் அழகாக வந்த வாசகம் ஐபோனில் தலை வெட்டுப்பட்டு வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டு போனிலும் உள்ள தமிழ் ஃபாண்ட் வேறு, உயரமும் வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட் ஃபைலை இஎஸ்பியின் லிட்டில்எஃப்எஸ்ஸில் போட்டு, பேஜ் அதையே பயன்படுத்தும்படி செய்தால் எந்த போனிலும் ஒரே அச்சு. ஃபாண்ட் முழுவதும் இறங்கிய பிறகே கேன்வாஸில் வரையச் சொல்லுங்க. அதற்கு முன்னால் வரைந்தால் முதல் வாசகம் மட்டும் பழைய ஃபாண்டில் போகும், இரண்டாவதிலிருந்து சரியாகிவிடும், எங்கே கோளாறு என்று தேடித் தேடி அலுத்துப் போவீங்க.