போன் தானாகப் பேசுகிறதா? டாக்பேக்கை அணைப்பது இப்படித்தான்

போன மாதம் ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கிப் பேசுகிறார். "ஏய்யா, என் போனுக்குள்ள ஒருத்தி உக்காந்து பேசிக்கிட்டே இருக்கா. எதைத் தொட்டாலும் படிச்சுக் காட்டுறா, ஆனா ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது. போனோட பூட்டக்கூட எடுக்க முடியலய்யா."

முதல் நாள் சாயங்காலம் போன் பேரன் கையில் இருந்திருக்கிறது. கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டியதற்கு, "சாஃப்ட்வேர் போயிருச்சு, எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும், ஐந்நூறு ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அழிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அடித்தார். பேத்தியின் காதுகுத்துப் படம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சாஃப்ட்வேர் எங்கும் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது டாக்பேக். பார்வையில்லாதவர்கள் திரையைக் காதால் கேட்டுப் பயன்படுத்துவதற்கான வசதி. 2009 முதல் ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அதே வருடம் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் இதன் அண்ணன் தம்பி ஒன்று வந்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் இது இயங்கும்படி ஒரு குறுக்குவழி வைத்தார்கள். தேவைப்படுகிறவருக்கு அது பெரிய உதவி. மூன்று வயதுப் பிள்ளை கையில் போன் இருந்தால் வேறு கதை.

முதலில் விரல் பழக்கம்

டாக்பேக் ஓடும்போது போன் கெட்டுப்போவதில்லை, தொடும் விதம்தான் மாறிவிடுகிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தட்டு தட்டினால் திறக்காது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழும், அங்கே என்ன இருக்கிறது என்று வாசிக்கும், அவ்வளவுதான். கட்டம் விழுந்தபிறகு திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். மேலும் கீழும் நகர்த்த ஒரு விரல் போதாது, இரண்டு விரலால் இழுக்க வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இரண்டு தட்டில்தான். பெரியம்மா தட்டியது எனக்குப் போனிலேயே கேட்டது: டக்... கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். அவ்வளவு இடைவெளி விட்டால் போன் அதைத் தனித்தனியாக இரண்டு ஒற்றைத் தட்டு என்று எடுத்துக்கொள்ளும். கதவைத் தட்டுகிற மாதிரி டக்டக் என்று ஒரே மூச்சில் வர வேண்டும். இரண்டு விரல் விஷயத்திலும் அப்படித்தான். விரல்களை ஒட்டி வைத்தால் போனுக்கு ஒரு விரலாகத் தெரியும். நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள்.

அணைக்கும் வழிகள், சுலபமானதிலிருந்து

1. இரண்டு வால்யூம் பட்டன்களையும் ஒரே சமயத்தில் அழுத்தி மூன்று நொடி பிடியுங்கள். குறுக்குவழியால் இயங்கியிருந்தால் அதே குறுக்குவழியால் அணைந்துவிடும். ஒன்றை முன்னால் ஒன்றைப் பின்னால் அழுத்தினால் சத்தம்தான் கூடிக் குறையும், சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தியதும் "இந்தக் குறுக்குவழியை இயக்கவா" என்பது போல ஏதாவது கேள்வி வந்தால், அது இதுவரை இயங்கவில்லை என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள். சில சாம்சங் போன்களில் சைடு பட்டனையும் வால்யூம் ஏற்றும் பட்டனையும் சேர்த்து அழுத்துவது குறுக்குவழியாக வைக்கப்பட்டிருக்கும். அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

2. கூகுள் அசிஸ்டன்ட் பழக்கம் இருந்தால் "ஹே கூகுள், டர்ன் ஆஃப் டாக்பேக்" என்று சொல்லுங்கள். போனே பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் குரல் அதற்குச் சரியாகக் கேட்காது, அது வாய் மூடும்வரை பொறுத்துச் சொல்லுங்கள்.

3. இரண்டும் பலிக்காவிட்டால் செட்டிங்ஸ் வழிதான். முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். விரல்ரேகை வைத்திருந்தால் விரலை வைத்தாலே போதும், இல்லாவிட்டால் இரண்டு விரலால் கீழிருந்து மேலே இழுங்கள். பின் நம்பர் கேட்டால் ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, கட்டம் விழுந்ததும் இரண்டு தட்டு. சில போன்களில் எண்ணின்மேல் விரலை வைத்து எடுத்தாலே பதிந்துவிடும். அங்கே இரண்டு தட்டும் தட்டினால் எண் கூடுதலாக ஏறிவிடும், கவனம்.

4. செட்டிங்ஸ் படத்தை ஒருமுறை தொட்டு, பிறகு இரண்டு தட்டு. இரண்டு விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் அக்சஸிபிலிட்டியைத் தேடுங்கள். போன் தமிழில் இருந்தால் 'அணுகல்தன்மை' அல்லது 'மாற்றுத்திறன் வசதி' என்று இருக்கும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் பெரும்பாலும் அடிஷனல் செட்டிங்ஸுக்குள்ளே, விஷன் என்ற பகுதியில் ஒளிந்திருக்கும். விவோவில் 'ஷார்ட்கட்ஸ் அண்ட் அக்சஸிபிலிட்டி' என்று பாருங்கள். மேலே தேடும் கட்டம் இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், இந்த நிலையில் கீபோர்டில் ஒரு சொல் அடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

5. உள்ளே டாக்பேக் என்பதைத் தொட்டு இரண்டு தட்டு. வரும் பக்கத்தில் 'யூஸ் டாக்பேக்' என்ற சுவிட்சைத் தொட்டு இரண்டு தட்டு. "நிறுத்தவா" என்று கேட்டால் ஸ்டாப் அல்லது ஓகேயைத் தொட்டு, கடைசியாக ஒரு முறை இரண்டு தட்டு.

பெரியம்மாவுக்கு முதல் இரண்டு வழியும் பலிக்கவில்லை. மூன்றிலிருந்து ஐந்து வரை போனில் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை, "நீ சும்மா இருடீ, எம்மவன் சொல்றது கேக்கல" என்று அந்தக் குரலையே அதட்டினார்.

ஐபோன் என்றால்

இது இன்னும் எளிது. வலப்பக்கப் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்துங்கள். வட்ட ஹோம் பட்டன் உள்ள பழைய ஐபோனில் அந்த ஹோம் பட்டனை மூன்று முறை. அல்லது ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் "டர்ன் ஆஃப் வாய்ஸ்ஓவர்" என்று சொல்லுங்கள். கையால் போவதென்றால் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர். தொடும் விதி ஆண்ட்ராய்டு போலத்தான், ஆனால் பக்கத்தை நகர்த்த இங்கே மூன்று விரல் வேண்டும். நெற்றியில் விபூதிப் பட்டை இழுக்கிற அதே மூன்று விரல், பட்டை மட்டும் மேலும் கீழுமாக.

ஒரு விசித்திரம்: குரல் வருகிறது, பட்டனெல்லாம் வேலை செய்கிறது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. டிஸ்பிளே போய்விட்டது என்று பயந்து விடாதீர்கள். அது ஸ்கிரீன் கர்ட்டன், அடுத்தவர் எட்டிப் பார்க்காமலிருக்கப் போடும் திரைச்சீலை. மூன்று விரலால் மூன்று தட்டு தட்டினால் விலகும். திரையைப் பெரிதாக்கும் ஜூம் வசதியும் சேர்ந்து இயங்கிக்கொண்டிருந்தால் நான்கு தட்டு.

பேசவில்லை, வேறு கோளாறு

திரை பூதக்கண்ணாடி வைத்தது போலப் பெருத்து, ஓரங்கள் வெளியே போய்விட்டதா? ஆண்ட்ராய்டில் அது மேக்னிஃபிகேஷன். ஒரு விரலால் மூன்று தட்டு தட்டிப் பாருங்கள். பிறகு அக்சஸிபிலிட்டிக்குள் மேக்னிஃபிகேஷனில் அதன் குறுக்குவழியை அணையுங்கள். ஐபோனில் மூன்று விரலால் இரண்டு தட்டினால் சுருங்கும்.

ராத்திரியானால் திரை பழைய கறுப்புவெள்ளைப் படம் போல ஆகிறது என்றால் அநேகமாக செட்டிங்ஸில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங்கில் பெட்டைம் மோடு, அதாவது தூங்கும் நேரத்துக்கான வசதி, இயங்குகிறது. அங்கே கிரேஸ்கேலை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க நிறம் தாறுமாறாக இருந்தால் அக்சஸிபிலிட்டிக்குள் கலர் இன்வர்ஷன், கலர் கரெக்‌ஷன் இரண்டையும் பாருங்கள். ஐபோனில் அவை டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸுக்குள். அழைப்பு வரும்போது பின்னால் டார்ச் மின்னுவதும் இதே குடும்பம்தான், காது கேளாதவர்களுக்கானது. ஃப்ளாஷ் நோட்டிஃபிகேஷன் என்று தேடுங்கள்.

திரும்ப வராமலிருக்க

அணைத்தால் மட்டும் போதாது, பட்டன் குறுக்குவழியையும் எடுத்துவிட வேண்டும். டாக்பேக் பக்கத்திலேயே 'டாக்பேக் ஷார்ட்கட்' என்று ஒரு வரி இருக்கும், அதை அணையுங்கள். திரை ஓரத்தில் மனித உருவம் போட்ட சின்னப் பட்டன் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றால் அதற்கும் அங்கேதான் மருந்து. ஐபோனில் அக்சஸிபிலிட்டியின் அடிவாரத்தில் 'அக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்' இருக்கிறது. வாய்ஸ்ஓவருக்கு நேராக உள்ள டிக்கை எடுத்தால் சரி. ஆனால் போன் உங்களுடையது இல்லை, வீட்டில் பார்வை மங்கலான ஒருவருடையது என்றால் அவரைக் கேட்காமல் குறுக்குவழியில் கை வைக்காதீர்கள். அவர் போனுக்குள் நுழையும் வாசலே அதுவாக இருக்கலாம்.

அக்சஸிபிலிட்டிக்குள் போனதே போனீர்கள், 'டவுன்லோடட் ஆப்ஸ்' அல்லது 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். டாக்பேக் திரையை வாசிக்கவும் உங்கள் சார்பில் பட்டனைத் தட்டவும் எந்த அனுமதியைப் பயன்படுத்துகிறதோ, அதே அனுமதியைத்தான் மோசடி ஆப்களும் கேட்கும். வாட்ஸ்ஆப்பில் போக்குவரத்து அபராதம், வங்கிப் பரிசு என்று வரும் ஏபிகே கோப்புகள் (தட்டினால் ஆப்பை போனில் ஏற்றும் கோப்புகள்) இந்த ரகம். உள்ளே புகுந்துவிட்டால் ஓடிபியை அதுவே படிக்கும், அதுவே தட்டும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்களுக்கு இந்த அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடாதபடி ஆண்ட்ராய்டு 13-ல் ஒரு தடுப்பு வைத்தார்கள். அதையும் எப்படித் தாண்டுவது என்று மோசடிக்காரரே போனில் பொறுமையாகச் சொல்லித் தருவார். நீங்கள் போடாத, பெயர் தெரியாத ஆப் அங்கே ஆன் நிலையில் இருந்தால் உடனே அணைத்து, ஆப்பையும் நீக்குங்கள். அந்த போனில் வங்கி ஆப் இருந்தால் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து பெரியம்மா மறுபடி அழைத்தார், இந்த முறை சொந்த போனில். "அந்தப் புள்ள போனது நிம்மதிதான்யா. ஆனா யாரு கூப்புடுறாங்கன்னு மட்டும் அது சொல்லுமா? கண்ணாடி போட்டுப் பாக்குறதுக்குள்ள கட்டாயிருது."

சொல்லும். டாக்பேக்கே வேண்டாம். கூகுளின் போன் ஆப்பைத் திறந்து, ஓரத்து மூன்று புள்ளியிலிருந்து செட்டிங்ஸுக்குப் போனால் 'காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதை 'ஆல்வேஸ்' என்று வைத்துவிட்டால் மணி அடிக்கும்போதே பெயரைச் சொல்லும். என் பெயரை அது கொஞ்சம் கடித்துத்தான் துப்புகிறதாம். பரவாயில்லை, ஆள் தெரிகிறது என்கிறார்.