மாரிக்கும் மலைக்கும் ஒரே ஜக்கெட்: பார்த்துத் தெரிவு செய்யும் முறை

ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தே வருகின்றன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு இந்த மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. வெப்பமானி 24 பாகை காட்டினாலும், நனைந்த சட்டையுடன் விடியற்காலையில் கல்லடிப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பவருக்குக் கூதல் எலும்பு வரை ஏறும். ஏனெனில் துணியிலுள்ள நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, வீசும் காற்று அதை இன்னும் விரைவாக்குகிறது. அதே ஆள் விடுமுறையில் செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குப் போய் இறங்கினால், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நிற்பார். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற பொதுவான கணக்கின்படி, அங்கே ஊரைவிட 12 பாகை குளிர் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் இரண்டு ஜக்கெட் வாங்கத் தேவையில்லை. பார்த்து எடுத்தால் ஒன்றே போதும்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜக்கெட்டை எங்கள் ஊரில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். நுவரெலியாவில் நான்கு நாட்கள் அது இதமாக இருக்கும். மிச்ச நாளெல்லாம் அலுமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். வாங்க வேண்டியது மழையையும் காற்றையும் மட்டும் தடுக்கின்ற, பஞ்சு இல்லாத, மெல்லிய வெளிச்சட்டை. குளிருக்கான கதகதப்பை அதன் உள்ளே போடும் கம்பளிச் சுவெட்டரோ பொலியெஸ்டர் மேற்சட்டையோ தரட்டும். ஊரில் சுவெட்டர் இல்லாமல் போடலாம், மலைக்குப் போகும்போது சேர்த்துப் போடலாம். இதனால்தான் உங்களுடைய வழக்கமான அளவை விட ஓரளவு தாராளமாக எடுக்க வேண்டும். கடைக்குப் போகும்போது சுவெட்டரைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் ஜக்கெட்டைப் போட்டு, மோட்டார் சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ முதுகுப் பக்கம் இழுத்தாலோ அது உங்களுக்கு ஆகாது.

இனி மழை. ‘தண்ணீர் புகாது’ என்று எழுதியிருப்பதும் ‘தண்ணீரை எதிர்க்கும்’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை, தூறலில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். கார்த்திகை மழையில் தோளால் ஊறிவிடும். லேபலில் மில்லிமீற்றரில் ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. 10,000 மில்லிமீற்றர் என்றால் பத்து மீற்றர் உயர நீர்த்தூணைத் தாங்கும் துணி என்று பொருள். வானத்திலிருந்து விழும் துளி அவ்வளவு அழுத்தம் தருவதில்லைத்தான். ஆனால் முதுகுப்பையின் பட்டி தோளை அழுத்தும் இடத்திலும், வேகமாக ஓடும்போது மழை நெஞ்சில் அடிக்கும் இடத்திலும் அழுத்தம் பல மடங்காகிறது. நடந்து போகிறவர்களுக்கும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் 5,000 போதும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் 10,000க்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தையல் பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும். ஊசி போன ஒவ்வொரு துளையும் நீர் போகும் வழிதான். ஆகவே ஜக்கெட்டை உட்புறம் வெளியாகத் திருப்பி, தையல்களின் மேல் ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோளிலும் கழுத்திலும் மட்டும் ஒட்டிவிட்டு அக்குளையும் பக்கங்களையும் விட்டுவிடுகிற ஜக்கெட்டுகள் நிறைய உண்டு. எல்லாத் தையலிலும் நாடா இருப்பதையே எடுங்கள். நாடாவின் முனையை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். புதிதிலேயே கிளம்பினால் அந்த மாரிக்குள் கழன்றுவிடும்.

காற்றைச் சோதிப்பது எளிது. துணியை வாயோடு சேர்த்து வைத்து ஊதுங்கள். மறுபக்கத்தில் வைத்த உள்ளங்கையில் காற்றுப் படக்கூடாது. சிப்பின் பின்னால் ஒரு துணி மடிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சுக்கு நேரே காற்றும் நீரும் அதன் வழியே நுழையும்.

வியர்வை பற்றிய பகுதியைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். விலை கூடிய ஜக்கெட்டுகளில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கோர்டெக்ஸ் அவற்றில் பெயர்பெற்றது. அமெரிக்கரான பொப் கோர் 1969 இல் கண்டறிந்த முறையிலிருந்து அது பிறந்தது. அந்தச் சவ்விலுள்ள நுண்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. ஆனால் வியர்வை ஆவி வெளியேறப் போதுமானவை. ஒரு சதுர மீற்றர் துணி 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் ஆவியை விடும் என்பதை 5,000, 10,000 என்று லேபலில் எழுதுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் சோதிக்கும் முறை வேறுபடுவதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஜக்கெட்டுகளை ஒப்பிட மட்டுமே அந்த எண் நம்பகமானது. அதைவிட முக்கியமானது, ஆவி வெளியேறுவதற்கு உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது. சிவனொளிபாதமலையில் இரவில் படியேறும்போது, வியர்த்த உடம்புக்கும் வெளிக்குளிருக்கும் உள்ள வேறுபாடு சவ்வை நன்றாக வேலை செய்ய வைக்கிறது. 2,243 மீற்றர் உச்சியில் விடியும்வரை காற்றில் காத்திருப்பவருக்கு உள்ளே உலர்ந்திருப்பது பெரிய உதவி. ஆனால் காத்தான்குடியிலோ கல்முனையிலோ, வெளிக்காற்றே ஈரம் நிறைந்து நிற்கும் மாரிப் பொழுதில், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய சவ்வும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அங்கே கைகொடுப்பது அக்குளின் கீழ் திறந்து மூடக்கூடிய சிப். அந்தத் திறப்பு உள்ள நடுத்தர விலை ஜக்கெட்டும், அது இல்லாத விலைகூடிய ஜக்கெட்டும் முன்னால் இருந்தால், தயங்காமல் முதலாவதை எடுங்கள்.

கைமுனையில் வெல்க்ரோப் பட்டியும், இடுப்பில் இழுத்துக் கட்டும் நாடாவும் இருப்பது நல்லது. தலைமூடி சுருட்டி வைக்கவோ கழற்றவோ கூடியதாக இருக்கட்டும். தலைக்கவசத்தின் பின்னால் காற்றில் உப்பிக்கொண்டு கழுத்தை இழுக்கும் தலைமூடி ஓட்டுபவருக்குத் தொல்லை. பின்பக்கம் இருக்கையை மூடுமளவு நீளம் வேண்டும். சாரி உடுத்து ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள், முழங்கால் வரை வரும் நீள வகையைத் தேடலாம், ஆனால் அதன் கரை சக்கரத்துக்குள் போகாதபடி பொத்தான் போட வசதி இருக்க வேண்டும். நிறத்தில் கறுப்பைத் தவிருங்கள். மழையில் எதிரே வரும் லொறிக்காரருக்கு மஞ்சளும் செம்மஞ்சளும்தான் தெரியும். ஒளிபட்டால் மின்னும் பட்டி முதுகில் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய உடுப்பு விற்கும் இடங்களில் வெளிநாட்டு ஜக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் நல்லவையும் உண்டு; ஆனால் ஒரு வருத்தமான அனுபவத்தைச் சொல்ல வேண்டும். “தம்பி, இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாது” என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பி ஒன்றை வாங்கினேன். முதல் மாரியில் சொல் பொய்க்கவில்லை. அடுத்த ஐப்பசியில் அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தபோது, உட்புறத்து வெள்ளைப் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன், மீன் செதில் போலச் சிறு சிறு வெள்ளைத் துண்டுகளாக உரிந்து உள்ளங்கையில் பசைபோல் ஒட்டியது, புளித்த வாடை அடித்தது. பிறகுதான் காரணத்தைப் படித்தறிந்தேன். மலிவான ஜக்கெட்டுகளின் உட்பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன். அதைச் சூடும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து, போடாமல் மடித்து வைத்திருந்தாலும், வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு அந்த இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே பழையதை எடுக்கும்போது உட்புறத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள், முகர்ந்து பாருங்கள். பிசுபிசுத்தாலோ, தூள் உதிர்ந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அதைத் திருத்த வழியில்லை.

வாங்கி வந்த அன்றே வீட்டில் சோதியுங்கள். உள்ளே ஒரு வெளிர்நிறப் பருத்திச் சட்டையைப் போட்டு, மேலே ஜக்கெட்டை அணிந்து, குளியலறைத் தண்ணீரின் கீழ் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கழற்றிய பின் தோள், கழுத்து, சிப்பின் ஓரம் ஆகிய இடங்களில் சட்டையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். லேபலைக் கழற்றாமல் பற்றுச்சீட்டையும் வைத்திருந்தால், கசிவைக் காட்டி மாற்றிக் கேட்க முடியும்.

துவைக்கும்போது துணிக்கு மென்மை தரும் திரவத்தைச் சேர்க்கக்கூடாது. அது வெளிப்புறத்தில் நீரை உருட்டிவிடும் பூச்சைக் கெடுக்கும். சிப்புகளை எல்லாம் மூடி, குறைந்த அளவு சலவைத் திரவத்தில் கையால் அலசி, நுரை முழுவதும் போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். நாளடைவில் துளிகள் உருண்டோடாமல் துணியின் மேற்பரப்பில் பரவத் தொடங்கினால், ஜக்கெட் கெட்டுவிட்டது என்று நினைத்து எறிய வேண்டாம். லேபல் அனுமதித்தால், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து மிகக் குறைந்த சூட்டில் ஸ்திரிக்கை போட, அந்தப் பூச்சு பெரும்பாலும் மீண்டும் உயிர்பெறும். அதற்கும் சரிவராவிட்டால், தெளிக்கும் பூச்சு வாங்கி அடிக்கலாம். மாரி முடிந்ததும் பொலித்தீன் பைக்குள் மடித்து வைக்காமல், நன்றாக உலர்ந்த பின் காற்றோட்டமான இடத்தில் கொளுவியில் தொங்கவிடுங்கள். சித்திரை வெயிலில் சூடேறும் கூரைக்குக் கீழுள்ள பரணில் மட்டும் வைக்காதீர்கள்.